மெல்லிய ஆணுறை சீக்கிரம் கிழிந்துவிடுமா?

கேள்வி கேட்டவர் தெஹிவளையில் இருக்கும் ஒரு சகோதரி. பிள்ளைக்கு எட்டு மாதம், இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறார். அடுத்த பிள்ளைக்கு இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும் என்று இருவரும் கதைத்து முடிவெடுத்திருக்கிறார்கள். இதுவரை சாதாரண ஆணுறைதான் பாவித்தார்களாம். இப்போது கணவர் ‘0.01’ என்று பெரிதாக எழுதிய ஒரு ஜப்பான் பெட்டியை வாங்கி வந்திருக்கிறார். விலை வழக்கமானதைவிடப் பல மடங்கு. “இவ்வளவு மெல்லியதாக இருந்தால் கிழியாதா? உணர்வு கூடும் என்பது உண்மையா, விளம்பரமா? இந்தக் காசைக் கொடுக்கத்தான் வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறார். வாசித்துப் பார்த்தால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். “வாங்கி வருவது கணவர், கிழிந்தால் சுமக்கப்போவது நான். இதை நம்பி நான் நிம்மதியாக இருக்கலாமா?” அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் பல வருடங்களாக வெள்ளவத்தையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். எங்கள் சனம் ஆணுறை வாங்க வரும்போது பெயர் சொல்லிக் கேட்பது குறைவு. கடையில் ஆள் குறையும்வரை பனடோல், சோடா என்று எதையாவது வாங்கிக்கொண்டு நிற்பார்கள். பிறகு கண்ணாடி அலுமாரிப் பக்கம் விரலைக் காட்டி “அதில ஒண்டு” என்பார்கள். எது, ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள், சொல்ல எங்களுக்கும் இடம் கொடுக்க மாட்டார்கள். பெண்கள் வந்து கேட்பது அதைவிட அரிது. அதனால்தான் நீங்கள் வாய்விட்டுக் கேட்டது எனக்குச் சந்தோஷம். நான் டொக்டர் இல்லை, ஆணுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவளும் இல்லை. தரச் சோதனைகளைப் பற்றி நான் சொல்வது படித்துத் தெரிந்தது. உணர்வைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் திரும்ப வந்து மனம்விட்டுக் கதைத்த சிலரிடம் கேட்டது. இரண்டையும் ஒரே தராசில் போட வேண்டாம்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: தரச் சோதனையில் தேறிய மெல்லிய ஆணுறை, சரியாகப் பாவித்தால், கர்ப்பத்தையும் நோய்த்தொற்றையும் தடுக்கும். மெல்லியது என்பதற்காக அதன் ஊடாக விந்தணுவோ வைரஸோ ஊறி வந்துவிடாது. ஓட்டையோ கிழிவோ இருந்தால்தான் ஆபத்து. ஆனால் நாங்கள் விடும் பிழைகளைத் தாங்கும் சக்தி மெல்லியதற்குக் கொஞ்சம் குறைவு. தடித்தது பொறுத்துக்கொள்கிற சில கவனக்குறைவுகளை அது பொறுக்காது.

தடிப்பு என்றால் எவ்வளவு என்று பார்ப்போம். சாதாரண லேடெக்ஸ் ஆணுறை, அதாவது இறப்பர் பாலில் செய்தது, ஏறத்தாழ 0.06 முதல் 0.07 மில்லிமீட்டர் வரை இருக்கும். ‘அல்ட்ரா தின்’ என்று வரும் லேடெக்ஸ் வகைகள் பெரும்பாலும் 0.04, 0.05 அளவில் இருக்கும்; 0.03 அளவில் செய்யும் கம்பனிகளும் உண்டு. அந்தப் பெயருக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பனியின் ‘அல்ட்ரா தின்’ இன்னொரு கம்பனியின் சாதாரணத்துக்குக் கிட்ட இருக்கலாம். 0.02, 0.01 என்று வருபவை பெரும்பாலும் வேறு பொருள்: பாலியூரிதேன் என்ற செயற்கைச் சவ்வு. ஜப்பானில் சகாமி நிறுவனம் 1998-ல் பாலியூரிதேன் ஆணுறையைக் கொண்டுவந்தது. பிறகு அதுவும் ஒகமோட்டோ நிறுவனமும் போட்டி போட்டுக்கொண்டு 0.02, 0.01 என்று இறங்கின. அந்தப் பெட்டிகளில் 0.01 என்றால் ‘0.01 வரிசை’ என்றுதான் பொருள், 0.02-க்குக் கீழே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆகவே உங்கள் கணவர் வாங்கியது நீங்கள் இதுவரை பாவித்ததன் மெல்லிய வடிவம் இல்லை, வேறொரு பொருள். பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐஎஸ்ஓ 4074 என்று இருந்தால் இறப்பர் பால், 23409 என்று இருந்தால் செயற்கைப் பொருள். இரண்டில் ஒன்றும் இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை நம்ப வேண்டாம்.

இந்த 4074 என்ற சர்வதேசத் தரம் என்ன கேட்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரிகளை எடுத்து 300 மில்லிலீட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவார்கள். கசிகிறதா என்று பார்த்துவிட்டு, வாயைக் கட்டி ஒற்றுத்தாளில் உருட்டுவார்கள். தாளில் ஈரப்பொட்டு தெரிந்தால் அந்த மாதிரி தோல்வி. நானூறில் ஒன்று என்ற அளவுக்கு மேல் கசிவு தெரியும் தொகுதிகள் தேறா. அடுத்தது காற்றுச் சோதனை. வழக்கமான அகலமுள்ள ஆணுறை குறைந்தது 18 லீட்டர் காற்றையும் 1 கிலோபஸ்கால் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். 18 லீட்டர் என்பது எங்கள் வீடுகளில் இருக்கும் பெரிய தண்ணீர்க் கான் ஒன்றின் கொள்ளளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். இவற்றைவிட, ஒவ்வொரு ஆணுறையையும் தொழிற்சாலையிலேயே உலோக அச்சில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சி ஓட்டை பார்ப்பது பெரிய உற்பத்தியாளர்களின் வழக்கம். புதிதாக ஒரு வகையைச் சந்தைக்கு விடுமுன் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு வாரம் வைத்தும் சோதிக்க வேண்டும். இந்தத் தேர்வுகளில் மெல்லிய லேடெக்ஸுக்கென்று சலுகை மதிப்பெண் கிடையாது.

நான் மேலே சொன்ன ‘பிழை தாங்கும் சக்தி’ எங்கே குறைகிறது என்றால், அந்த அழுத்தச் சோதனையில்தான். இறப்பர் எவ்வளவு காற்றைப் பிடிக்கும் என்பது பெரும்பாலும் அதன் தன்மையைப் பொறுத்தது, தடிப்பு அவ்வளவு முக்கியமில்லை. எவ்வளவு அழுத்தத்தில் வெடிக்கும் என்பதோ தடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும். சாதாரணமானது 1 கிலோபஸ்கால் என்ற எல்லையை நன்றாகத் தாண்டி, ஏறத்தாழ இரு மடங்கு வரை நிற்கும். அதே இறப்பரைப் பாதித் தடிப்பில் செய்தால் தாங்கும் அழுத்தமும் ஏறத்தாழப் பாதியாகும். தேர்வில் இரண்டும் தேறிவிடும். ஒன்று அதிகப் புள்ளியோடு, மற்றது எல்லைக்குக் கிட்ட. நகம் பட்டாலோ, ஈரம் போதாமல் உராய்ந்தாலோ, நுனியில் காற்று சிக்கினாலோ அந்த வித்தியாசம் வெளியே தெரியும்.

அப்படியானால் நிஜ வாழ்க்கையில் மெல்லியது அதிகம் கிழிகிறதா? இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2001-ல் பிரித்தானியாவில் ஓரினச்சேர்க்கை ஆண்களிடம் தடித்த ஆணுறையையும் சாதாரணத்தையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். கிழிவதில் சொல்லும்படியான வித்தியாசம் இருக்கவில்லை. தடித்ததை வாங்கினால் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அது ஆதரவு தரவில்லை. மறுபக்கம், 1998-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் அக்காலத்துப் பாலியூரிதேன் ஆணுறை 100 பாவனைக்கு ஏறத்தாழ 7 தடவையும் லேடெக்ஸ் ஏறத்தாழ 1 தடவையும் கிழிந்தன. இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் அதே ஆய்வுக் குழு ஆறு மாதம் பின்தொடர்ந்தபோது கர்ப்பம் தரித்த வீதத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அன்றைய பொருளும் இன்றைய ஜப்பான் பொருளும் ஒன்றல்ல என்பதால் அந்த 7 என்ற எண்ணை அப்படியே உங்கள் பெட்டிமேல் ஏற்றுவது நியாயமில்லை. இருந்தாலும், கிழிவதைப் பற்றி மட்டும் கேட்டால், இதுவரை கிடைத்த சான்றுகள் லேடெக்ஸ் பக்கமே சாய்கின்றன. எனக்குத் தெரிந்தவர் கேட்டால் நான் அப்படித்தான் சொல்வேன்.

காரணம் பொருளின் குணத்திலேயே இருக்கிறது. களுத்துறை, கேகாலைப் பக்கம் பால் வெட்டப் போகிறவர்கள் சிரட்டையில் உறைந்து கிடக்கும் இறப்பரை இழுத்துக் காட்டினால் பார்த்திருப்பீர்கள்: எவ்வளவு இழுத்தாலும் நீண்டு, விட்டவுடன் பழைய அளவுக்கு வந்துவிடும். பாலியூரிதேன் அப்படியில்லை. அதை சொப்பிங் பை மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்: உறுதியானது, மெல்லியது, ஆனால் இழுபடுவது குறைவு, இழுபட்டால் முழுக்கத் திரும்பி வராது. அதனால் உடலோடு ஒட்டிப் பிடிக்காமல் சிலருக்கு வழுகும், சிலருக்கு மடிப்பு விழும். அதற்கு நல்ல பக்கமும் உண்டு. உடம்பின் சூடு சீக்கிரம் கடத்தப்படுகிறது, இறப்பர் வாசம் இல்லை, லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஏற்றது, எண்ணெய் பட்டாலும் இறப்பரைப்போல் நலிந்துபோகாது. பாவித்தபின் இருவரில் ஒருவருக்கு அரிப்போ சிவப்போ வருகிறது என்றால் பாலியூரிதேனோ பொலிஐசோபிரீன் என்ற செயற்கை இறப்பரோ வாங்குவதற்கு அது ஒன்றே போதுமான காரணம். பொலிஐசோபிரீன் அவ்வளவு மெல்லியதில்லை, ஆனால் மிருதுவானது, இறப்பரைப்போல் இழுபடும். எண்ணெய் மட்டும் அதற்கும் ஆகாது.

இனி உணர்வு. ஆணுறை போட்டால் உணர்வு குறைகிறது என்று ஆண்கள் சொல்வது பொய்யில்லை, அதைச் சாக்கு என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஆனால் அந்தக் குறைவுக்குத் தடிப்பு மட்டும் காரணம் என்று எண்ணுவதில்தான் காசு வீணாகிறது. என்னிடம் கதைத்தவர்களின் அனுபவத்தை வைத்துச் சொன்னால், அளவும் ஈரமும் தடிப்பைவிட அதிகம் வேலை செய்கின்றன. இறுக்கமான ஆணுறை இரத்த ஓட்டத்தைப் பிடித்து மரத்துப்போகச் செய்யும். தளர்வானது உறையாக இல்லாமல் தனியாக நழுவிக்கொண்டிருக்கும். பெட்டியில் 49, 52, 53, 56 என்று மில்லிமீட்டரில் எழுதியிருப்பது ஆணுறையைத் தட்டையாக வைத்து அளந்த அகலம். பெரும்பாலானவை 52, 53 தான். ஒருவருக்கு எது பொருந்தும் என்று தெரியாமலே காலம் முழுக்க ஒரே அளவை வாங்கி, பிறகு தடிப்பைக் குறை சொல்வது நடக்கிறது. இழுபடாத பாலியூரிதேனில் இந்த அளவுப் பிரச்சினை இன்னும் கூடும்.

உங்கள் விஷயத்தில் ஈரம் என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், தங்கச்சி. பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் குறைந்திருக்கும். அதனால் பிறப்புறுப்பில் இயல்பாக ஊறும் ஈரம் குறைந்து, தோல் வரண்டு, எரிவும் வலியும் வரலாம். இதை எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பல பெண்கள் தனக்குத்தான் ஏதோ குறை, கணவன்மேல் விருப்பம் குறைந்துவிட்டது என்று மனசுக்குள் வைத்து அழுகிறார்கள். விருப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பால் கொடுக்கும் உடம்பின் இயல்பு இது. கணவருக்கு உணர்வு குறைந்ததுபோல் தெரிவதற்கும் இந்த வரட்சி ஒரு காரணமாக இருக்கலாம். ஆணுறை கிழிவதற்கு இது நிச்சயமாக ஒரு காரணம். பெட்டியில் வரும் ஆணுறையில் பூசியிருக்கும் வழுக்குத் திரவம் உங்கள் நிலைமைக்குப் போதாது. தண்ணீர் அடிப்படையிலான ஜெல் ஒரு குழாய் வாங்குங்கள். ஆணுறையின் உள்ளே நுனியில் ஒரு துளி, அதற்குமேல் வேண்டாம், இல்லாவிட்டால் வழுகிக் கழன்றுவிடும். வெளியே தாராளமாகப் பூசலாம், இடையில் காய்ந்தால் மறுபடி பூசலாம். உள்ளே அந்த ஒரு துளி போட்டவுடன் சாதாரண ஆணுறையிலேயே வித்தியாசம் தெரிகிறது என்று சொன்னவர்கள் உண்டு. 0.01 பெட்டிக்குக் கொடுக்கும் காசில் பாதியை இந்த ஜெல்லுக்குக் கொடுத்துப் பாருங்கள். வலி அப்படியும் தொடர்ந்தால், பிரசவத் தையல் போட்ட இடம் இழுத்தால், ஆணுறையை மாற்றிப் பயனில்லை. டொக்டரிடம் காட்ட வேண்டும்.

ஜெல்லுக்குப் பதில் வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயைப் பாவிக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். லேடெக்ஸ் ஆணுறையோடு அது கூடவே கூடாது. பேபி ஒயில், வாஸ்லின், கை கால் கிரீம் எல்லாமே அப்படித்தான். மினரல் ஒயில் பட்ட லேடெக்ஸ் ஒரு நிமிடத்துக்குள் தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்ததை 1980-களின் கடைசியிலேயே பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது, அதுதான் பயங்கரம். பிள்ளைக்கு எண்ணெய் பூசிக் குளிப்பாட்டிவிட்டு வந்த கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். இன்னொன்று: பூஞ்சைத் தொற்றுக்கு உள்ளே வைக்கும் மருந்துகள், குளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்றவை, பல எண்ணெய்ப் பசை கொண்டவை. அவை பாவிக்கும் நாட்களில் லேடெக்ஸை நம்ப முடியாது. அந்த மருந்தை விற்கும்போது இதையும் சேர்த்துச் சொல்வதை நான் கடமையாக வைத்திருக்கிறேன்.

கிழிவதற்கான மற்றக் காரணங்கள் பெரும்பாலும் போடும் அந்த அரை நிமிடத்தில் இருக்கின்றன. பிரிக்குமுன் பக்கெட்டை இரண்டு விரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். உள்ளே காற்று மெத்தென்று தட்டுப்பட வேண்டும், ஆணுறை வழுகி நகர வேண்டும். தட்டையாக ஒட்டிக் கிடந்தால் எங்கோ துளை விழுந்திருக்கிறது, எறிந்துவிடுங்கள். ஆணுறையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மறுபக்கத்தைக் கையால் கிழியுங்கள். பல்லோ கத்தரிக்கோலோ வேண்டாம். நுனியைப் பிடித்துக் காற்றை வெளியேற்றி, பிடித்தபடியே அடிவரை உருட்டிவிட வேண்டும். உருளாவிட்டால் மறுபக்கமாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதைத் திருப்பிப் போடாமல் புதிது எடுங்கள், ஏனென்றால் முதலில் பட்ட பக்கத்தில் விந்து இருக்கக்கூடும். பாதுகாப்புக் கூடும் என்று இரண்டைச் சேர்த்துப் போடுவது தவறு, ஒன்றோடொன்று உராய்ந்து கிழியும். முடிந்தவுடன் அடியைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு சாதாரண ஆணுறைக்கும் வேண்டியதுதான். மெல்லியதில் இதைத் தவறவிட இடமில்லை.

கொழும்பின் சூடும் ஒரு விஷயம். காலாவதித் திகதியை நிர்ணயிக்கும் சோதனை 30 பாகை வெப்பத்தில் நடத்தப்படுகிறது, ஆகவே எங்கள் வீட்டு அலுமாரி பிரச்சினையில்லை. வெயிலில் நிறுத்திய கார், மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே உள்ள பெட்டி, ஓட்டோவின் முன்தட்டு ஆகியவை அந்த 30-ஐ எங்கோ தாண்டிவிடும். காற்சட்டைப் பணப்பையில் வாரக்கணக்கில் கிடப்பதும் நல்லதல்ல. சூட்டோடு உராய்வும் மடிப்பும் சேரும்.

இனிக் காசு. ஓர் ஆணுறையில் இருக்கும் இறப்பர் ஒன்றரை, இரண்டு கிராம்தான். மூலப்பொருளின் பெறுமதி மிகச் சிறியது. மெல்லியதைச் செய்யும்போது தூசு துரும்பில்லாத பால் வேண்டும், அச்சை முக்கி எடுப்பதில் அதிக நுட்பம் வேண்டும், சோதனையில் கழியும் எண்ணிக்கையும் கூடும். பாலியூரிதேனுக்கு உற்பத்தி முறையே வேறு. அவற்றோடு இறக்குமதிச் செலவு, வரி, பெட்டியின் அழகு, விளம்பரம் எல்லாம் சேர்கின்றன. 2022-ல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது இறக்குமதிப் பெட்டிகளின் விலை எங்கே போனது என்பது கடை வைத்திருந்த எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இன்னொரு பக்கம், 1953-ல் தொடங்கிய இலங்கைக் குடும்பத் திட்டமிடல் சங்கம் 1973-லேயே ‘ப்ரீதி’யைக் கொண்டுவந்து, சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் ஆணுறை கிடைக்க வழி செய்தது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், அதாவது எம்ஓஎச் கிளினிக்கில், இலவசமாகவே கிடைக்கும். பிள்ளைக்கு ஊசி போடப் போகும்போது மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டால் கொடுப்பார். இலவசம் என்பதால் தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம், அவையும் அந்தத் தரச் சோதனைகளைத் தாண்டி வந்தவைதான்.

ஆகவே கூடுதல் விலை பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை இல்லை. அது உணர்வுக்கும் பொருளின் வகைக்கும் கொடுப்பது. கட்டுப்படியானால், இருவருக்கும் பிடித்திருந்தால், கொடுப்பதில் தவறே இல்லை. தாம்பத்திய சந்தோஷம் அற்பமான விஷயம் இல்லை. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. விலை கூடியதை வாங்கும் வீட்டில் அதை எண்ணி எண்ணிப் பாவிக்கும் பழக்கம் வந்துவிடும். பெட்டி முடிந்த இரவில் “மலிவானது வேண்டாம், இன்றைக்கு ஒரு நாள்தானே” என்ற எண்ணம் வரும். சரியாக, ஒவ்வொரு முறையும் பாவிக்கும் தம்பதிகளில் வருடத்துக்கு 100-க்கு 2 பேர் கர்ப்பம் தரிக்கிறார்கள். நடைமுறையில் மனிதர்கள் பாவிக்கும் விதத்தில் அது 13 ஆகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பதில் கிழிந்த ஆணுறைகளைவிட அலுமாரியிலிருந்து எடுக்கப்படாத ஆணுறைகளே அதிகம். அதனால் மெல்லியதை வாங்கினாலும் சாதாரணப் பெட்டி ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

இணையத்தில் ‘ஒரிஜினல் ஜப்பான்’ என்று விற்கப்படுபவற்றில் கவனம் வேண்டும். இங்கே ஆணுறை ஒரு மருத்துவ உபகரணம். 2015-ஆம் ஆண்டின் சட்டப்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு வேண்டும். தொகுதி இலக்கமும் உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும் பெட்டியிலும் உள்ளே ஒவ்வொரு பக்கெட்டிலும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். உற்பத்தித் திகதியிலிருந்து ஐந்து வருடத்துக்கு மேல் காலாவதி போட்டிருந்தால் அது சந்தேகத்துக்குரியது. ‘நேரம் நீடிக்கும்’ என்று விற்பவற்றில் பெரும்பாலும் பென்சொகெயின் என்ற மரக்கச்செய்யும் மருந்து இருக்கும். உணர்வு கூடத்தானே நீங்கள் தேடுகிறீர்கள், அது எதிர்த்திசையில் போகும். விந்துகொல்லி நொனொக்சினோல்-9 பூசியதும் வேண்டாம். அடிக்கடி பாவித்தால் உள்தோலைப் புண்ணாக்கும்.

உங்கள் நிலைமையில் ஆணுறை ஒன்றையே நம்பியிருக்க வேண்டுமா என்பதையும் கேட்டுப் பாருங்கள். தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிடாய் திரும்பாமல் இருந்தால் கர்ப்பத்துக்குக் கிடைக்கும் இயற்கைப் பாதுகாப்பு முதல் ஆறு மாதத்துக்குத்தான். உங்கள் பிள்ளைக்கு எட்டு மாதம், வேறு சாப்பாடும் தொடங்கியிருப்பீர்கள், ஆகவே அதை இனி நம்ப வேண்டாம். முதல் மாதவிடாய் வருமுன்னரே முட்டை வெளியாகிவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு வருட இடைவெளி நிச்சயம் வேண்டும் என்றால் கருப்பையில் வைக்கும் லூப், கையில் வைக்கும் ஜடெல், மூன்று மாத ஊசி ஆகியவை பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்றவை. எது உங்களுக்குப் பொருந்தும் என்று கிளினிக்கில் பார்த்துச் சொல்வார்கள். அப்படி ஒன்றை வைத்துக்கொண்டால் ஆணுறை மெல்லியதா தடித்ததா என்பது விருப்பத்தின் விஷயமாக மட்டும் ஆகிவிடும். நோய்த்தொற்றுப் பயம் உள்ளவர்களுக்கு மட்டும் ஆணுறைக்கு மாற்று இல்லை. அப்படியான சந்தேகம் இருந்தால் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள அரசாங்கப் பாலியல் சுகாதாரக் கிளினிக்கில் இலவசமாக, இரகசியமாகப் பரிசோதிப்பார்கள்.

இனி, வாங்கிய பெட்டியை என்ன செய்வது? எறிய வேண்டாம். அளவு பொருந்துகிறதா பாருங்கள், ஜெல்லோடு பாவியுங்கள், முதல் சில தடவைகள் முடிந்தபின் குழாயடியில் தண்ணீர் நிரப்பிக் கசிகிறதா என்று பாருங்கள். பாவித்தபின் மட்டும்தான் அந்தச் சோதனை. முன்பே செய்து பார்த்ததைப் பாவிக்கக் கூடாது. வழுகுகிறது, மடிகிறது, கிழிந்தது என்றால் 0.04, 0.05 அளவிலான லேடெக்ஸுக்கு வாருங்கள். விலையும் குறையும், இழுபடும் தன்மையும் கிடைக்கும். என்னைக் கேட்டால் பெரும்பாலான தம்பதிகளுக்கு அதுவே போதுமான இடம்.

கிழிந்துவிட்டது என்று தெரிந்தால் பதற வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம். லெவோனோஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அவசரகாலக் குளிகை, பொஸ்டினோர் போன்றது, மருந்துக்கடைகளில் கிடைக்கும். 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு முந்தினால் அவ்வளவு நல்லது. பால் கொடுப்பவர்களும் எடுக்கலாம். ஐந்து நாட்களுக்குள் கிளினிக்கில் செப்பு லூப் வைத்தால் அது குளிகையைவிட நம்பகமானது, தொடர்ந்தும் பாதுகாக்கும். மாதவிடாய் இன்னும் திரும்பாதவர்களுக்கு ‘நாள் தள்ளிப்போனது’ என்ற அறிகுறி கிடைக்காது. அதனால் கிழிந்த நாளிலிருந்து மூன்று வாரம் கழித்து, உடம்பில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டாலும், சிறுநீர்ச் சோதனைப் பட்டி ஒன்று வாங்கிக் காலையில் பார்த்துவிடுங்கள். அந்தப் பட்டியை வாங்க வரும்போது எங்கள் மாதிரி ஆட்களிடம் ஜெல்லைப் பற்றியும் அளவைப் பற்றியும் கேளுங்கள். கடையில் ஆட்கள் நின்றால் ஒரு துண்டில் எழுதி நீட்டினாலும் போதும், எடுத்து வைத்துவிட்டு மெதுவாக விளக்கம் சொல்வோம்.